ஸ்டீம் டெக்கைப் பயன்படுத்தக் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டுமா?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறீர்கள். படிவம் 4 படிக்கும் தம்பிக்கு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 64 ஜிபி ஸ்டீம் டெக்கை, அதாவது ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கும் ஆட்டங்களை ஆட வால்வ் நிறுவனம் செய்த கையடக்கக் கணினியை, வாங்கிக் கொடுக்க எண்ணியிருக்கிறீர்கள். "அது லினக்ஸ், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாவிட்டால் காசு வீண், வாங்கியதும் விண்டோஸைப் போட்டுவிடுங்கள்" என்று உடன் வேலை செய்பவர் சொன்னதால் தயங்குகிறீர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளம்; வீட்டில் இருவருக்கும் விண்டோஸ் மட்டுமே பழக்கம். இணையமும் கைப்பேசி வழியாகத்தான் கிடைக்கிறது. கட்டளைகள் தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தாலும், கோளாறு வந்தால் ஓடிவந்து பார்க்க ஆளில்லாத தோட்டத்து வீட்டில் இந்தச் சாதனத்தை நாங்களாகவே சமாளிக்க முடியுமா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது.

சமாளிக்க முடியும். ஒரு கட்டளையும் தட்டச்சு செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். என் கடைக்கு வரும் ஸ்டீம் டெக்குகளில் பெரும்பாலானவை, கட்டளை தெரியாததால் பழுதானவை அல்ல. தேவையே இல்லாத இடத்தில் யாரோ சொன்ன கட்டளையை அப்படியே ஒட்டியதால் வந்தவை. நான் அதிகம் கையாண்டிருப்பது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-இல் வெளிவந்த லெனோவோ லீஜியன் கோ எஸ் போன்ற மற்ற நிறுவனச் சாதனங்களும், ஸ்டீம் டெக்கில் உள்ள ஸ்டீம்ஓஎஸ் என்னும் அதே இயங்குதளத்துடன் கிடைக்கின்றன. ஆனால் கீழே எழுதியிருக்கும் பொத்தான் விவரங்களை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதில் ஓடும் ஸ்டீம்ஓஎஸ், ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆர்ச் லினக்ஸைக் கணினியில் நிறுவிப் பயன்படுத்துபவர்கள் கட்டளைகளோடுதான் வாழ்கிறார்கள் என்பது உண்மை. உங்கள் அலுவலக நண்பரின் பேச்சுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆனால் வால்வ் அதை அப்படியே பயனர் கையில் கொடுக்கவில்லை. சாதனத்தை இயக்கியதும் வருவது விளையாட்டு முறை: ஆட்டங்களின் படங்கள், கடை, அமைப்புகள் எல்லாம் பொத்தான்களாலேயே இயங்கும் முகப்பு. இதற்குப் பின்னால் மேசைக்கணினி முறை என்று ஒன்று உண்டு. ஸ்டீம் பொத்தானை அழுத்தி, 'பவர்' பகுதிக்குள் போய், 'சுவிட்ச் டு டெஸ்க்டாப்' என்பதைத் தேர்ந்தால், கேடிஇ பிளாஸ்மா என்னும் திரை வரும். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் தொடக்கப் பட்டியல், கோப்புறைகள் என்று விண்டோஸ் பழகியவருக்கு அதில் அந்நியமாகத் தோன்றுவது அதிகம் இல்லை. வலப்பக்கத் தொடுபலகை சுட்டியாகவும், ஆர்2 பொத்தான் இடச் சொடுக்காகவும், எல்2 பொத்தான் வலச் சொடுக்காகவும் வேலை செய்யும். எழுத வேண்டுமென்றால் ஸ்டீம் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை எழும். முதல் நாளில் பலரும் திணறும் இடம் இது ஒன்றுதான். திரும்பிப் போக, மேசைத்திரையில் இருக்கும் 'ரிட்டர்ன் டு கேமிங் மோட்' படத்தை இருமுறை சொடுக்கினால் போதும்.

கட்டளைகள் ஏன் தேவைப்படுவதில்லை என்பதற்கு அமைப்பு ரீதியான காரணம் இருக்கிறது; அதைப் புரிந்துகொண்டால் இணையத்தில் வரும் பாதி அறிவுரைகளை நீங்களே எடைபோட்டுவிடலாம். ஸ்டீம்ஓஎஸ்ஸின் மூலக் கோப்புகள் இருக்கும் பகுதி, படிக்க மட்டும் அனுமதிக்கும்படி பூட்டப்பட்டிருக்கிறது. ஆட்டங்களும் நீங்கள் நிறுவும் செயலிகளும் உங்கள் கோப்புகளும் வேறொரு பகுதியில் இருக்கின்றன. தோட்டத்து வீட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: கட்டிலும் அலமாரியும் உங்களுடையவை, விருப்பம்போல் மாற்றலாம், சுவர் நிர்வாகத்துடையது. கட்டளைகளால் பூட்டைத் திறந்து சுவரில் மாற்றம் செய்தாலும், அடுத்த புதுப்பிப்பு வரும்போது அந்தப் பகுதி முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் செய்தது பெரும்பாலும் அழிந்துபோகும். ஆகவே பூட்டைத் திறக்கச் சொல்லித் தொடங்கும் எந்த வழிகாட்டியும் புதியவருக்கானது அல்ல. படிவம் 5 மாணவர் ஒருவர் கொண்டுவந்த சாதனத்தில் நடந்தது இதுதான். வேகம் கூடும் என்று ஒரு காணொளியைப் பார்த்து வரிவரியாகக் கட்டளைகளை ஒட்டியிருக்கிறார். சில நாள் எல்லாம் ஓடியது. புதுப்பிப்பு வந்ததும் பாதி மாற்றம் அழிந்து, பாதி எஞ்சி, சாதனம் இயக்கியதும் வரும் சின்னத்தைத் தாண்டி நகரவில்லை. மீட்டுக் கொடுத்தோம், ஆனால் அவர் தேடிய வேக அமைப்பு, மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலிலேயே இருந்தது. விநாடிக்கு எத்தனை படங்கள் திரையில் வர வேண்டும் என்னும் பிரேம் அளவையும் மின் பயன்பாட்டையும் அங்கேயே விரலால் நகர்த்தி மாற்றலாம்.

செயலிகள் நிறுவுவதையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் லினக்ஸ் என்றால் கட்டளை என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மேசைக்கணினி முறையில் கீழ்ப்பட்டையில் கடைப்பை போன்ற ஒரு படம் இருக்கும். அதன் பெயர் டிஸ்கவர். கைப்பேசியின் செயலிக் கடையைப் போலவே அதில் தேடி, 'இன்ஸ்டால்' என்பதைச் சொடுக்கினால் முடிந்தது. உலாவி, காணொளி ஓட்டி, கடிதம் எழுத லிப்ரே ஆஃபிஸ், எபிக் கடையிலும் ஜிஓஜி கடையிலும் வாங்கிய ஆட்டங்களுக்கு ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சர் என்று தம்பிக்குத் தேவைப்படக்கூடியவை அதில் இருக்கின்றன. இவை பிளாட்பேக் என்னும் வடிவில், பூட்டிய பகுதியைத் தொடாமல், உங்கள் பகுதிக்குள்ளேயே அமர்ந்துகொள்வதால் புதுப்பிப்பு வந்தாலும் நிலைத்திருக்கும். நிறுவிய செயலியைத் தொடக்கப் பட்டியலில் வலச் சொடுக்குச் செய்து 'ஆட் டு ஸ்டீம்' என்று கொடுத்தால், விளையாட்டு முறையின் முகப்பிலும் அது தெரியும். கடவுச்சொல் கேட்டு, அதை உருவாக்கக் கட்டளை அடிக்கச் சொல்லும் வழிகாட்டி எதையாவது கண்டால், அதே வேலைக்கு டிஸ்கவரில் செயலி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வழக்கமான தேவைகளுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும்.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டங்கள் லினக்ஸில் எப்படி ஓடும் என்பது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அடுத்த கேள்வி. வால்வ் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. ஆட்டம் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் பணி; குறிப்பாக டைரக்ட்3டி வழியாக வரும் வரைகலை வேண்டுகோள்களை வல்கன் என்னும் முறைக்கு மாற்றுகிறது. இது பின்னணியில் தானாக நடக்கும். ஒவ்வோர் ஆட்டத்தின் பக்கத்திலும் வால்வ் தந்திருக்கும் தரக்குறி இருக்கும்: பச்சை என்றால் சரிபார்க்கப்பட்டது, மஞ்சள் என்றால் விளையாடலாம், ஆனால் எழுத்து சிறிதாக இருப்பது போன்ற சிறு இடர்கள் வரலாம், மற்றவை ஆதரவற்றவை அல்லது இன்னும் சோதிக்கப்படாதவை. சோதிக்கப்படாத ஆட்டங்கள் பல நன்றாகவே ஓடுகின்றன. பச்சைக் குறியுள்ள ஆட்டம் சில இடங்களில் திணறுவதும் உண்டு. எனவே குறியை வாக்குறுதியாக அல்லாமல் வழிகாட்டியாகக் கொள்வது நல்லது. பயனர்கள் தங்கள் அனுபவத்தைப் பதியும் புரோட்டான்டிபி தளத்தையும் வாங்குவதற்கு முன் பாருங்கள். ஓர் ஆட்டம் தொடங்க மறுத்தால், அதன் பக்கத்திலுள்ள பற்சக்கரப் படத்தை அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' வழியாக 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போனால், புரோட்டானின் வேறு பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கும். அதைக் குறியிட்டு 'புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல்' என்பதைத் தேர்ந்து மீண்டும் தொடங்கிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. கடையில் நானும் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

இனி நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. ஸ்டீம் டெக் உங்கள் வீட்டுக்கு ஏற்றதா என்பதை முடிவு செய்யப்போவது தம்பி விரும்பும் ஆட்டங்கள்தான். கட்டளை தெரிவதோ தெரியாததோ அல்ல. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள் பலவற்றில், ஏமாற்றுவோரைத் தடுக்கும் மென்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் புரோட்டானில் இயங்கக்கூடியவை என்றாலும், அந்த வசதியைத் திறந்துவிடுவது ஆட்டத்தை உருவாக்கியவரின் விருப்பம். வலோரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ஃபோர்ட்நைட், பப்ஜி பேட்டில்கிரவுண்ட்ஸ் ஆகியவை ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இன் கடைசியில் லினக்ஸ் பயனர்களுக்கு மூடப்பட்டது. ஜிடிஏ 5 ஆட்டத்தின் கதைப் பகுதியை ஆடலாம். இணையப் பகுதி 2024 செப்டம்பரில் வந்த மாற்றத்திற்குப் பிறகு இடம் கொடுப்பதில்லை. ரோப்லோக்ஸ் நிறுவனம் லினக்ஸுக்கென்று செயலி எதையும் வெளியிடவில்லை. மற்றவர்கள் உருவாக்கிய மாற்றுவழிகள் உண்டு, ஆனால் அவை என்றைக்கும் நிலைக்கும் என்று நான் பொறுப்பேற்க மாட்டேன். மாறாக டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகிய இரண்டும் வால்வின் சொந்த ஆட்டங்கள். லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு. தனியாக ஆடும் ஆட்டங்களில் இந்தச் சிக்கல் மிக அரிது. மேலே சொன்ன பெயர்கள் இன்றைய நிலைக்குச் சரி. நிறுவனங்களின் முடிவைப் பொறுத்து எதுவும் எந்தப் பக்கமும் மாறலாம். தம்பியிடம் அவர் ஆட விரும்பும் ஐந்தாறு ஆட்டங்களின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதில் முதலிடத்தில் இருப்பது வலோரன்டாக இருந்தால், இந்தச் சாதனத்தை வாங்கவே வேண்டாம். எவ்வளவு லினக்ஸ் கற்றாலும் அந்தக் கதவு திறக்காது.

அப்படியானால் விண்டோஸைப் போட்டுவிட்டால் எல்லாம் தீருமே என்று தோன்றும். ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் நிறுவ முடியும். அதற்கான இயக்கிகளை (சாதனத்தின் பாகங்களை விண்டோஸுடன் இணைந்து வேலை செய்யவைக்கும் மென்பொருள்களை) வால்வே தருகிறது. ஆனால் அப்படி நிறுவியவருக்கு உதவி எதுவும் தருவதில்லை என்றும் சொல்லிவிட்டது. 64 ஜிபி சேமிப்பில் விண்டோஸ் அமர்ந்த பிறகு ஆட்டத்துக்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஆட்டம் அப்படியே உறங்கி, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழும் வசதி ஸ்டீம்ஓஎஸ்ஸின் பெரிய பலம். விண்டோஸில் அந்த நம்பிக்கை இல்லை. எழுத்துகளும் சாளரங்களும் 7 அங்குலத் திரைக்கு ஏற்றபடி அமையாததால், பொத்தான்களால் செய்த வேலைக்கெல்லாம் சுட்டியும் விசைப்பலகையும் தேவைப்படும். கட்டளைகளைத் தவிர்ப்பதற்காக விண்டோஸ் போடுவது, எளிதாக இருந்ததைக் கடினமாக்கிக்கொள்வது என்பதே என் உறுதியான கருத்து.

தோட்டத்து இணையத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓர் ஆட்டத்தைப் பதிவிறக்கவே 50, 60 ஜிபி ஆகக்கூடும். கைப்பேசித் தரவில் அது கட்டுப்படியாகாது. பட்டணத்தில் யூனிஃபை இணைப்புள்ள உறவினர் வீட்டில் ஒரு மாலை வைத்துப் பதிவிறக்கிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அதே வீட்டுக் கணினியில் ஸ்டீம் கணக்கைத் திறந்து ஆட்டத்தை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால், ஒரே வைஃபைக்குள் கணினியிலிருந்து ஸ்டீம் டெக்குக்கு நேரடியாக நகலெடுக்கும் வசதியும் ஸ்டீமில் இருக்கிறது. அதற்குத் தரவு செலவாகாது. இறக்கிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அங்கேயே ஒருமுறை தொடங்கி, முகப்புவரை போய்வர வேண்டும். முதல் ஓட்டத்தில்தான் தேவையான துணைக் கோப்புகள் நிறுவப்படும். பிறகு அமைப்புகளில் 'இன்டர்நெட்' பகுதியில் இணையமற்ற முறையை இயக்கிவிட்டால், தனியாக ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் வீட்டில் தடையின்றி ஓடும். சில நிறுவனங்களின் ஆட்டங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் தங்கள் சேவையகத்தைத் தேடும். ஆட்டத்தின் கடைப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கும். 64 ஜிபி போதாது என்பதால் மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அட்டையைச் செருகி, அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் 'ஃபார்மட்' என்பதை அழுத்தினால் சாதனமே அதைத் தயார் செய்துகொள்ளும். ஆனால் அதில் முன்பிருந்த படங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கோளாறு வந்தால் என்ன செய்வது? ஆட்டம் உறைந்தால், ஸ்டீம் பொத்தானையும் பி பொத்தானையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது மூடப்படும். சாதனமே உறைந்தால், பவர் பொத்தானைப் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி இயக்கலாம். புதுப்பிப்புக்குப் பிறகு எழவில்லை என்றால், அணைத்த நிலையில் மூன்று புள்ளிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானை அழுத்துங்கள். முந்தைய பதிப்பில் இயங்கும் வாய்ப்பைத் தரும் பட்டியல் வரும். ஸ்டீம்ஓஎஸ் புதிய பதிப்பை எழுதும்போது பழையதை வேறொரு பகுதியில் விட்டுவைப்பதால்தான் இது முடிகிறது. அதுவும் பலிக்காதபோது, வால்வ் இலவசமாகத் தரும் மீட்புக் கோப்பை 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யுஎஸ்பி குச்சியில், விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்னும் செயலி கொண்டு எழுதி, ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்தி அதிலிருந்து இயக்கலாம். மேசைத்திரையில் வரும் படங்களில் ஒன்று, ஆட்டங்களை இயன்றவரை காப்பாற்றிக்கொண்டே இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவும். இன்னொன்று எல்லாவற்றையும் துடைத்து எழுதும். படங்களின் கீழுள்ள வரியை நிதானமாகப் படித்துச் சொடுக்க வேண்டும். இங்கேயும் கட்டளை இல்லை. இந்தக் குச்சியைச் சாதனம் நன்றாக இருக்கும்போதே தயார் செய்து வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில், புதுப்பிப்பின் நடுவே மின்கலம் தீர்ந்து நின்ற சாதனங்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கப் போகும் அந்தச் சாதனத்தை நேரில் பார்க்காமல் அதன் நிலையை நான் சொல்ல முடியாது. ஆனால் விற்பவர் முன்னிலையிலேயே சோதிக்க வழி உண்டு. 'கண்ட்ரோலர்' அமைப்பில் பொத்தான்களைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். கைவிட்ட பிறகும் ஆட்டக் குச்சியின் புள்ளி நடுவில் நிற்காமல் நகர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேசைக்கணினி முறையில் 'இன்ஃபோ சென்டர்' என்னும் செயலியைத் திறந்து 'எனர்ஜி' பகுதிக்குப் போனால், மின்கலத்தின் தொடக்கக் கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் எண்ணாகத் தெரியும். எல்சிடி திரையுள்ள பழைய மாதிரியின் தொடக்க அளவு 40 வாட்-மணி. இப்போது நிரம்புவது 30-க்கும் கீழே இருந்தால் மின்கலம் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 45 வாட் யுஎஸ்பி-சி மின்னேற்றி கூடவே வருகிறதா, அதன் முனை நம் மூன்றுகட்டைச் செருகுவாய்க்கு ஏற்றதா என்று பாருங்கள். நம் ஊருக்கு வரும் சாதனங்கள் பல, தனி வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து தருவித்தவை. உத்தரவாதம் என்று சொன்னால், கெட்டுப்போகும்போது எந்தக் கடை பொறுப்பேற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேரம் முடிந்ததும், விற்றவர் தம் ஸ்டீம் கணக்கிலிருந்து வெளியேறி, 'சிஸ்டம்' அமைப்பின் கடைசியில் உள்ள 'ஃபாக்டரி ரீசெட்' என்பதை உங்கள் கண்முன்னே செய்யட்டும். அவர் முன்பு எந்தக் கட்டளை போட்டிருந்தார் என்ற கவலை அத்துடன் பெரும்பாலும் தீரும். தம்பிக்கு ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் கணக்குடன் ஸ்டீம் குடும்ப வசதியில் சேர்த்துவிட்டால், அவர் ஆடும் நேரத்தை உங்கள் கைப்பேசியிலிருந்தே வரையறுக்கலாம். படிவம் 5-இல் எஸ்பிஎம் தேர்வு வரும்போது அது உங்களுக்குப் பயன்படும். தம்பி எழுதித் தரும் ஆட்டங்களின் பெயர்களை இங்கேயே பதிவிடுங்கள். எது ஓடும், எது ஓடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.